அத்தையின் கண்ணுக்கு அளவெடுத்த நாள்

என் அத்தையின் கண்ணாடி அவர் கண்ணுக்கு உதவியதைவிட அடுப்புக்கு உதவியதுதான் அதிகம். கறுப்புச் சட்டம், அதற்குள் நடுவில் புடைத்து நிற்கும் இரண்டு தடித்த வில்லைகள், ஒரு பக்கம் கொக்கி உடைந்துபோய் அதற்குப் பதிலாகத் தையல் நூல். கொல்லிமலையில் மழை பிடித்துவிட்டால் தீப்பெட்டி நமுத்துப்போகும். குச்சியை உரச உரசப் பெட்டிதான் தேயுமே தவிர நெருப்பு வராது. அத்தை அலட்டிக்கொள்ளவே மாட்டார். மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும்வரை காத்திருப்பார். பிறகு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அடுப்புக்கு மேலே காயவைத்திருந்த சருகைக் குவித்து, மடியிலிருந்து கண்ணாடியை எடுத்து வெயிலுக்கும் சருகுக்கும் நடுவே பிடிப்பார். வெள்ளை வட்டம் சிறுத்துச் சிறுத்து எள்ளளவு ஆனதும் மெல்லப் புகை கிளம்பும். "முகாமுல குடுத்தது. கண்ணுக்கு ஆவலீன்னா அடுப்புக்காவது ஆவட்டுமே கண்ணு" என்பார். அப்போது நான் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை. எனக்கு அது பெரிய வித்தையாகத் தெரிந்தது. கண்ணாடிக்கு இதைத் தவிர வேறு வேலை உண்டு என்பதே எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவர். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. அரியூர் நாட்டில் பள்ளத்து வயலை ஒட்டி அவர் வீடு. தலையில் நரை விழும் முன்பே அவருக்கு வலது கண்ணில் புரை விழுந்துவிட்டது. அந்தக் காலத்தில் டாக்டர்கள் ஜீப்பில் மலையேறி வந்து முகாம் போட்டு, பள்ளிக்கூட வகுப்பறையைக் கழுவிவிட்டு, அங்கேயே ஆபரேஷன் செய்வார்கள். நம் கண்ணுக்குள் பிறவியிலேயே ஒரு லென்ஸ் இருக்கிறது. அது வெளுத்துப்போவதைத்தான் புரை என்கிறோம். அன்றைய ஆபரேஷனில் வெளுத்துப்போன லென்ஸை எடுத்துவிடுவார்கள், அந்த இடத்தில் வேறெதையும் வைக்கமாட்டார்கள். உள்ளே இல்லாததை மூக்கின்மேல் சுமந்துகொள்ள வேண்டியதுதான். புண் ஆறிய பிறகு ஒருவர் அட்டைப்பெட்டி நிறையக் கண்ணாடிகளைக் கொண்டுவந்து வைப்பார். சந்தையில் செருப்பு போட்டுப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, எதில் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்தான். அளவு என்ற பேச்சே அப்போது கிடையாது.

அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இருட்டில் கிடந்த எத்தனையோ பேருக்கு அந்தத் தடித்த கண்ணாடி பேரப்பிள்ளைகளின் முகத்தைக் காட்டியது. ஆனால் அது உலகத்தை உள்ளபடி காட்டாது, பெரிதாக்கிக் கிட்டே இழுத்துக் காட்டும். "சோறு கிட்டத்துல இருக்குதுன்னு கைய வெச்சா தட்டு அங்க இருக்குது" என்று அத்தை சிரிப்பார். ஆனால் அது சிரித்துவிட்டுப் போகிறபடி தட்டோடு நிற்கவில்லை. ஒருநாள் தலையில் நாற்றுக்கட்டோடு வரப்பில் போனவர், கிட்டே தெரிந்த வரப்பில் காலை வைக்க, வரப்பு வேறிடத்தில் இருந்தது. நாற்றும் அத்தையும் சேற்றில். அன்றோடு கண்ணாடி மூக்கிலிருந்து மடிக்கு இறங்கிவிட்டது. இடது கண் அப்போது நன்றாக இருந்ததால் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டே நடவு, களையெடுப்பு, சாமை உமி நீக்குவது என்று எல்லா வேலையையும் அதட்டிக்கொண்டு செய்தார். நடவில் அவர்தான் முதல் ஆள். அவர் வைக்கும் நிரையைப் பார்த்துத்தான் மற்றவர்கள் நடுவார்கள்.

நான் மலையிறங்கி, முள்ளுக்குறிச்சியில் தங்கிப் பள்ளியை முடித்து, கண் பரிசோதனைப் படிப்பு படித்து, சமவெளியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குக் கொடுத்தது அளவெடுக்கும் அறை. ஆபரேஷனுக்கு முன் நோயாளியின் கண்ணை அளந்து, உள்ளே எந்த எண் லென்ஸ் வைக்க வேண்டும் என்று சொல்வது அந்த அறையின் வேலை. தையல்காரர் வெட்டுவதற்கு முன் அளவெடுக்கிறார் அல்லவா, அதேதான். என்ன, சட்டை பொருந்தாவிட்டால் பிரித்துத் தைக்கலாம். கண்ணில் அது லேசான காரியமில்லை. கண்ணின் முன்பக்க வளைவு எவ்வளவு, முன்னிருந்து பின்சுவர் வரை நீளம் எவ்வளவு, இந்த இரண்டும் தெரிந்தாக வேண்டும். நீளத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் போதும், ஆபரேஷன் எவ்வளவு அழகாக நடந்திருந்தாலும் அந்த மனிதர் மறுபடியும் ஒரு நல்ல தடிமனான கண்ணாடியைத் தேட வேண்டியதுதான்.

இந்த அளவுக்கு ஒரு நீண்ட கதை உண்டு, எனக்கு அதைச் சொல்லச் சலிப்பதே இல்லை. உலகத்தில் முதன்முதலாகக் கண்ணுக்குள் லென்ஸ் வைத்த வெள்ளைக்கார டாக்டருக்கே அளவு தப்பிவிட்டதாம். ஆபரேஷன் வெற்றி, ஆனால் அந்த அம்மாவுக்குத் தூரம் எதுவும் தெரியாமல் எக்கச்சக்கமான எண்ணில் கண்ணாடி வேண்டியிருந்ததாம். எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது எனக்கு அந்த டாக்டர்மேல் மரியாதை கூடிற்று. அளவுகோலே இல்லாத காலத்தில் துணிந்திருக்கிறாரே. அப்புறம் வந்தவர்கள் ஒரு நடுத்தரமான எண்ணை வைத்துக்கொண்டு அதையே எல்லோருக்கும் பொருத்தினார்கள். கொஞ்சம் கவனமான டாக்டர், "சின்ன வயசுல கண்ணாடி போட்டிருந்தீங்களா, என்ன நம்பர்?" என்று கேட்டு ஒன்றிரண்டு கூட்டிக் குறைப்பார். எங்கள் மலை ஆட்களிடம் அதைக் கேட்டு என்ன பயன்? முகாம் கண்ணாடிக்கு முன்னால் அவர்கள் வேறு கண்ணாடியைக் கண்டதே இல்லை.

பிறகு ஒலி வந்தது. காதுக்குக் கேட்காத ஒரு மெல்லிய ஒலியைக் கண்ணுக்குள் அனுப்பினால் அது பின்சுவரில் மோதித் திரும்பி வரும். திரும்பி வர ஆன நேரத்தை வைத்து நீளத்தைச் சொல்லிவிடலாம். பாடம் நடத்தியபோது மற்ற பிள்ளைகள் விழித்தார்கள், எனக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது. எங்கள் ஊரில் ஒரு சரிவில் நின்று கூவென்று கத்தினால் எதிர்ச்சரிவு திருப்பிக் கத்தும். பள்ளம் அகலமாக இருந்தால் பதில் தாமதமாக வரும் என்று மாடு மேய்க்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். அந்த ஒலிக்கருவி ஒரு பேனா மாதிரி இருக்கும். கண்ணில் மரத்துப்போகும் சொட்டுமருந்து விட்டு, பேனாவின் நுனியைக் கருவிழியில் பட்டும் படாமலும் வைக்க வேண்டும். நுனியில் ஒரு சின்னச் சிவப்பு வெளிச்சம் எரியும், நோயாளி அதையே பார்க்க வேண்டும். கொஞ்சம் அழுத்திவிட்டாலும் கண் அமுங்கும், நீளம் குறைந்து காட்டும், லென்ஸின் எண் கூடிப்போகும். அதனால் அளவெடுக்கிறவருக்குக் கை சுத்தம் வேண்டும் என்பார்கள். எனக்கு அது உண்டு, அதில் எனக்குக் கர்வமும் உண்டு. கடைசியாக எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒளியால் அளக்கும் மெஷின் வந்தது. தாடையை வைத்து நெற்றியை முட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், தொடாமலே அளந்துவிடும்.

ஆனால் அந்த ஒளி மெஷினுக்கு ஒரு குணம். புரை முற்றித் தேங்காய்ப் பருப்பாக வெளுத்துவிட்டால் ஒளி உள்ளே நுழையாது, மெஷின் கையை விரித்துவிடும். பஸ் ஏறி, அத்தனை வளைவும் இறங்கி எங்களிடம் வருகிற மலை ஆட்களில் பலர் அப்படி முற்றவிட்டுத்தான் வருவார்கள். நடவு முடியட்டும், மிளகு பறித்து முடியட்டும், திருவிழா கழியட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் கண் என்ன செய்யும்? அவர்களுக்கெல்லாம் பழைய ஒலிப் பேனாதான். அங்கேதான் எங்களுக்குத் தலைவலி ஆரம்பித்தது. மலையிலிருந்து வருகிறவர்களுக்கு ஆபரேஷன் முடிந்தால் கிட்டத்தில் நன்றாகத் தெரியும், தூரம் புகையடித்தாற்போல் இருக்கும். எல்லோருக்கும் இல்லை, ஆனால் நிறையப் பேருக்கு. அதே பேனா, அதே என் கை, எப்போதாவது சமவெளி ஆட்களை அதால் அளக்க நேர்ந்தால் பிசகுவதே இல்லை. அளவில் நீளம் குறைந்து வருகிறது என்று எங்கள் டாக்டரம்மா உடனே சொல்லிவிட்டார். ஏன் என்பதுதான் புரியவில்லை. மெஷினைப் பழுது பார்த்தார்கள், குறை ஒன்றும் இல்லை. கூட வேலை செய்த ஒருவர் டீ குடித்துக்கொண்டே, "மலைக்காரங்க கண்ணோட அமைப்பே வேறயா இருக்குமோ என்னவோ" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "நானும் மலைதான், எங்கண்ணை அளந்து பாருங்க" என்று கத்திவிட்டேன். அளந்தும் பார்த்தார்கள். எல்லோரையும் போலத்தான் இருந்தது.

இந்தக் குழப்பம் தீராமல் இருந்த சமயத்தில்தான் அத்தையின் இடது கண்ணும் அணைந்துகொண்டிருந்தது. வலது கண் அதற்குள் வேறு விதத்தில் கெட்டிருந்தது. உள்ளே அழுத்தம் ஏறி நரம்பு வாடி, வெளிச்சமும் நிழலும் மட்டுமே மிச்சம். அதனால் இடது கண்ணுக்கு ஆபரேஷன் என்ற பேச்சையே அவர் எடுக்கவிடுவதில்லை. "ஒண்ணு போனது போதும். இருக்கற இதையும் கத்தியில குடுத்துட்டு நான் என்னத்த பண்றது?" என்பார். மாமா கையைப் பிடித்து வயலுக்குக் கூட்டிப்போய் வரப்பில் உட்காரவைப்பார். சும்மா உட்கார அவரால் முடியுமா? ஒருநாள் ஒரு பிடி நாற்றை வாங்கிக்கொண்டு வயலில் இறங்கிவிட்டார். தடவித் தடவிப் பாதி நிரை நட்டார். திரும்பியபோது தான் நட்டதையே மிதித்துக்கொண்டு வந்தார். காலடியில் நாற்று நசுங்கியது தெரிந்ததும் நின்றுவிட்டார். வயலில் இருந்த பெண்கள் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஒருத்தியாவது வைதிருந்தா தேவலைன்னு இருந்துச்சு கண்ணு" என்று என்னிடம் பின்னால் சொன்னார். அந்த வாரம் அவரே போன் செய்யச் சொல்லி என்னிடம் பேசினார். "வாரேன். ஆனா ஒண்ணு. மறுக்கா எனக்கு அந்தத் தண்டிக் கண்ணாடியக் குடுத்தீங்கன்னா நான் ஊடு திரும்ப மாட்டேன், சொல்லிப்போட்டேன். எனக்கு வரப்புல ஒத்தையா நடக்கோணும். அவ்வளவுதான்."

அவருக்கு அது அவ்வளவுதான், எனக்கு அது அவ்வளவில் நிற்கவில்லை. வேறு யாருக்கோ அளவு தவறினால் வருத்தப்பட்டு, கண்ணாடி எழுதிக் கொடுத்துச் சமாளிக்கலாம். இவருக்கு இருப்பதே இந்த ஒரு கண், இவர் கேட்பதே தூரத்துப் பார்வை, எங்களுக்குத் தவறிக்கொண்டிருப்பதும் அதுவேதான். டாக்டரம்மாவிடம் போய், "மேடம், எங்கத்தைக்கு நான் அளவெடுக்கல, வேற யாராவது எடுக்கட்டும்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உன்னைவிட நல்ல கை இந்த ஆஸ்பத்திரில யாருக்கு இருக்கு? நீயே எடு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றார். ஆபரேஷன் செய்யும் டாக்டர் அளவெடுக்கும் அறையில் வந்து உட்காருவது எங்கள் ஆஸ்பத்திரியில் வழக்கமே இல்லை. அன்றைக்கு அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சுவரோரமாக, அத்தைக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

முதலில் ஒளி மெஷின். இடது கண்ணில் எதிர்பார்த்தபடியே ஒன்றும் வரவில்லை. டாக்டரம்மா, "அந்தப் பழைய கண்ணையும் அளந்து வை" என்றார். வலது கண்ணில்தான் நரம்பு போயிற்றே தவிர, புரையை எப்போதோ எடுத்துவிட்டதால் உள்ளே பளிங்காக இருந்தது. ஒளி தாராளமாக நுழைந்து ஒரு நீளத்தைச் சொல்லிற்று. ஒரே ஆளின் இரண்டு கண்களும் பெரும்பாலும் நீளத்தில் ஒத்துப்போகும், ஒன்று மற்றதற்குச் சாட்சி. பிறகு இடது கண்ணுக்குச் சொட்டுமருந்து விட்டுப் பேனாவைக் கையில் எடுத்தேன். "அத்தை, ஒரு சிவப்பு வெளிச்சம் தெரியும். கண்ணை மூடாம அதையே பாருங்க" என்றேன். என் பார்வை முழுக்கத் திரையில் ஏறி இறங்கும் கோடுகளின்மேல். அளவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்றுக்கொன்று வித்தியாசமே இல்லை, மெஷின் திருப்தியாக ஒரு சத்தம் கொடுத்தது. ஆனால் சாட்சி சொன்ன நீளத்தைவிட இது குறைவு. அதே பழைய பிசகு, என் அத்தையின் கண்ணிலேயே. பேனாவை எடுத்துவிட்டு மறுபடி வைக்கப் போனேன்.

அப்போது பக்கத்திலிருந்து டாக்டரம்மா, "கையை எடுக்காத. திரையைப் பாக்காத. உங்கத்தையைப் பாரு" என்றார். பார்த்தேன். அத்தை இரண்டு கைகளையும் மார்புக்கு நேராகக் கூப்பியிருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது. தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, உடம்பை மெல்ல முன்னால் சாய்த்து, என் கையிலிருந்த பேனாவின் நுனியை நோக்கி அவர் வந்துகொண்டிருந்தார். நான் அழுத்தவில்லை. கண்தான் வந்து பேனாவில் அமுங்குகிறது. எங்கள் மலையில் கோயிலில் விளக்கு காட்டினால் விறைத்து நின்று வேடிக்கை பார்க்கமாட்டார்கள். ஒரு அடி முன்னால் போய்த் தலை தாழ்த்திக் கும்பிடுவார்கள், அதுதான் மரியாதை. டாக்டரம்மா மெதுவாக, "என்னம்மா பண்றீங்க?" என்று கேட்டார்.

"சாமி கும்புடறனுங்க" என்றார் அத்தை. "ஏனுங், வெளக்கு தெரியுதுங்களே. ரண்டு வருசமா எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க. இப்ப இருட்டுக்குள்ள செவப்பா ஒண்ணே ஒண்ணு நிக்குது. கும்புடாம எப்புடிங்க இருக்கறது?"

பேனாவைக் கண்ணிலிருந்து மெல்ல எடுத்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. சமவெளி ஆட்கள் புரை பாதி இருக்கும்போதே வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு என் முகம் தெரியும், மெஷின் தெரியும், சுவரில் மாட்டிய காலண்டர் தெரியும். சிவப்பு வெளிச்சம் அவர்களுக்கு இன்னொரு பல்பு, அவ்வளவுதான். முற்றவிட்டு வருகிற எங்கள் ஆட்களுக்கு உலகத்தில் தெரிகிற ஒரே பொருள் அது. தெரிந்ததும் கை தானாகக் கூம்பிவிடுகிறது. கும்பிடுகிறவர் அளவு முடியும்வரை கும்பிட்டுக்கொண்டே இருந்ததால் அவருடைய எல்லா அளவும் ஒரே மாதிரி குறைந்து வந்திருக்கிறது, மெஷினுக்கும் சந்தேகம் எழவில்லை. டாக்டரம்மாதான் முதலில் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "இத்தனை மாசமா மெஷினைத் திட்டிட்டு இருந்தோமே" என்றவர் அத்தையின் கையைப் பிடித்து, "கும்பிடுங்கம்மா, எவ்வளவு வேணும்னாலும் கும்பிடுங்க. ஆனா படுத்துக்கிட்டுக் கும்பிடுங்க" என்றார்.

ஒலியால் அளக்க இன்னொரு முறை உண்டு. நோயாளியைப் படுக்கவைத்து, இமைக்குள் ஒரு சின்னக் கிண்ணத்தைப் பொருத்தி, அதில் உப்புநீரை நிரப்பி, பேனாவின் நுனி தண்ணீரில் மட்டும் நனையும்படி பிடிக்க வேண்டும். ஒலி தண்ணீர் வழியாகப் போய்த் திரும்பிவிடும், கண்ணைத் தொடவே வேண்டாம். நேரம் பிடிக்கும், தலையணையெல்லாம் ஈரமாகும் என்று எங்கள் ஆஸ்பத்திரியில் அந்தக் கிண்ணத்தை அலமாரியிலேயே போட்டுவைத்திருந்தோம். அதைத் தேடி எடுத்துக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்தேன். தண்ணீர் ஊற்றும்போது அத்தை, "கண்ணுக்குள்ள கெணறு வெட்டறயா கண்ணு?" என்றார். படுத்தபடியே கையையும் கூப்பிக்கொண்டார். தலை மட்டும் தலையணையைவிட்டு நகரவில்லை. திரையில் கோடுகள் எழுந்தன, நீளம் வந்தது. வலது கண் சொன்ன நீளத்தோடு ஏறக்குறைய அப்படியே பொருந்தி உட்கார்ந்தது. நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். பார்வை போய் வெறுமனே கிடந்த அந்தப் பழைய கண் வந்து சரியான சாட்சி சொல்லிவிட்டது. எனக்கு அந்த அறையிலேயே ஒரு குதி குதிக்க வேண்டும்போல் இருந்தது. கையில் பேனா இருந்ததால் குதிக்கவில்லை.

ஆபரேஷன் மறுநாள் நடந்தது. அதற்கடுத்த காலையில் கட்டைப் பிரிக்கும் நேரத்தில் நான் என் அறையை விட்டுவிட்டு வார்டுக்கு ஓடினேன். அத்தை கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டரம்மா பஞ்சை எடுத்துக் கண்ணைத் துடைத்துவிட்டு, "மெதுவா தொறங்கம்மா" என்றார். அத்தை திறந்தார். இமைத்தார். எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் எங்களைத் தாண்டி வார்டின் கடைசிக் கதவுப் பக்கம் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஏனுங் டாக்டரம்மா, அங்க கதவுகிட்ட நிக்கறாரே, அவருக்குச் சட்டைப் பொத்தான் மாத்திப் போட்டிருக்குதுங்க" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். தள்ளுவண்டியோடு நின்றிருந்த வார்டு ஊழியர் குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். உண்மைதான், ஒரு பொத்தான் தள்ளிப் போட்டிருந்தார். வார்டே சிரித்தது. எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்று ஒரு பலகை உண்டு, அதில் வரிவரியாக மூன்று பல் சீப்பு மாதிரிக் குறிகள் இருக்கும், பற்கள் எந்தப் பக்கம் நீட்டியிருக்கின்றன என்று கையால் காட்ட வேண்டும். கண்ணாடி எதுவும் இல்லாமல் அத்தை கடைசி வரிக்கு முந்தைய வரிவரை டக்டக்கென்று காட்டினார், அதுவும் நான் கேட்கும் முன்பே. எனக்கு அழுகை வந்தது, அழுகையைவிடப் பெருமை அதிகமாக வந்தது. மலைக்காரர்கள் கண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்தவரைத் தேடிப்போய், "எங்கத்தை கண்ணு எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் அன்றைக்கு டீ குடித்தேன். அவரும் நல்ல மனிதர், தோற்றதை ஒப்புக்கொண்டு டீயை அவரே வாங்கித் தந்தார்.

அன்றிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் முற்றிய புரையோடு யார் வந்தாலும், மலையானாலும் சமவெளியானாலும், படுக்கவைத்துக் கிண்ணம் வைத்துத்தான் அளக்கிறோம். தலையணை நனைந்தால் நனையட்டும். முன்னால் தூரம் புகையாகிப்போனவர்களையும் டாக்டரம்மா ஆள் அனுப்பி வரவழைத்து ஏற்ற கண்ணாடி கொடுத்தார். அடுத்த நடவுக்கு நான் லீவு போட்டுக்கொண்டு மலைக்குப் போனேன். அத்தை நாற்றுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பில் எனக்கு முன்னால் நடந்தார். மழை பெய்து வரப்பு வழுக்கிற்று. கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "உனக்கு வேணும்னா புடிச்சுக்க" என்றார் திரும்பாமலே. வயலில் இறங்கி, முதல் ஆளாக நின்று, நிரையைத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கி எதிர்க்கோடியைப் பார்த்து, "ஏய், அந்தக் கடைசி நிரை பாம்பாட்டம் போவுது, யாருடி அது?" என்று சத்தம் போட்டார். அந்தக் கோடியில் நின்ற பெண் பதிலுக்கு ஏதோ வைய, வயல் முழுக்கச் சிரிப்பு. அத்தை அந்தச் சிரிப்பில் எத்தனை சந்தோஷமாக இருந்தார் என்பதை நான் வரப்பில் நின்று பார்த்தேன்.

இப்போது அத்தைக்கு நல்ல வயதாகிவிட்டது. நடவுக்கு இறங்குவதில்லை, ஆனால் கண்ணின் அழுத்தம் பார்க்க வருடம் தவறாமல் மலையிறங்கி வருகிறார். தனியாக வருவதில்லை. அரியூர் நாட்டிலிருந்தும் எடப்புளி நாட்டிலிருந்தும் கண் மங்கியவர்களைச் சேர்த்துக்கொண்டு பஸ்ஸில் ஒரு கூட்டமாக வருகிறார். வந்ததும் என் அறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், அந்த வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. ஒளி மெஷினிலும் ஒரு சிவப்புப் புள்ளி உண்டு, புரை அவ்வளவு முற்றாத கண்ணுக்கு அது தெரியும், தலை நகர்ந்தால் மெஷின் அளவு தராது. உள்ளே போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி அத்தை பாடம் நடத்துவார். போன மாதம் எடப்புளி நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவருக்கு அந்தப் பாடம் நடந்தது. கதவு திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

"உள்ள செவப்பா ஒண்ணு தெரியும். வெளக்குன்னு நெனச்சுக் கும்புட்டுப் போடாதீங்க. அது வெறும் மெசினு. ஆடாம அசையாம அதையே பாத்துட்டு இருங்க."

பெரியவருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "அப்பறம் ஆரத்தானக்கா கும்புடறது? டாக்டரம்மாளையா, உன்ற தம்பி மவளையா?"

அத்தை அவர் தோளைப் பிடித்து என் அறைக்குள் தள்ளிவிட்டார்.

"மொதல்ல பாரு சாமி. பார்வை வந்தப்பறம் எல்லாத்தையும் நல்லாப் பாத்துப்போட்டு, ஆரக் கும்புடறதுன்னு நீயே முடிவு பண்ணிக்க."